நாற்பத்தொன்று

படகை விட்டு இறங்கியதும், குடிநுழைவுச் சாளரத்திலிருந்த ரஷ்யப் பெண், ஹுவோ ஷூட்சினைப் பார்த்து முகம் மலர்ந்து, ரஷ்ய மொழியில் மடமடவென்று ஏதோ கேட்டாள். ஷூட்சின் விழித்தாள். நீட்டிய சீனக் கடவுச்சீட்டைக் கண்டதும் அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுபோனது. படத்தையும் முகத்தையும் மூன்று முறை பார்த்த பிறகே முத்திரை விழுந்தது.

மூன்று தலைமுறைக்கு முன் எல்லை ஆற்றைக் கடந்து சீனக் கரையிலிருக்கும் ஹெய்ஹேயில் வாழ்க்கைப்பட்ட ஒரு ரஷ்யக்காரியின் முகம் அது. சாம்பல் நிறக் கண்கள், பழுப்பு முடி. ரஷ்ய மொழிதான் ஒரு சொல்கூட வராது. அதைப் பேசினாலே உளவாளி என்ற காலத்தில், ஷூட்சினின் அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை. ஐம்பத்தாறு வருடமாகக் கரையில் நின்று பார்த்த எதிர்க்கரைக்கு இன்றுதான் வந்திருக்கிறாள்.

"பாத்தியா, ஒன்ன சொந்தக்காரின்னு நெனச்சிட்டா. என்னை ஒருத்தியும் திரும்பிப் பாக்கல," என்றான் கணவன் தியான் பாவ்ஷான். ஹெய்ஹே சந்தையில் ரஷ்யர்களுக்குப் பூட்ஸ் விற்பவன்.

"ஒம்மூஞ்சிய எந்த ஊர்லய்யா திரும்பிப் பாத்தாங்க?"

பேருந்து நிறுத்தத்தில் பூப்போட்ட தலைக்குட்டை கட்டிய கிழவி ஒருத்தி ஷூட்சினின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் சொல்லத் தொடங்கினாள். ஆற்றைக் காட்டினாள். பாதியில் குரல் உடைந்தது. ஷூட்சினின் கையைப் பிடித்துக்கொண்டாள். புரியவில்லை என்று தலையசைக்க வேண்டியதுதான். ஷூட்சினுக்கு மனம் வரவில்லை. இந்த முகத்தை நம்பியல்லவா சொல்கிறாள்! கண்ணெடுக்காமல் கேட்டாள். தன் அம்மா விழுங்கிக்கொண்ட ஒலிகள் இவைதானா என்று ஒவ்வொன்றாகக் காதில் வாங்கினாள்.

பேருந்து வந்தது. கிழவி அவள் கன்னத்தில் முத்தமிட்டு ஏறிப் போனாள்.

"என்னய்யா சொன்னா?"

"எனக்கென்ன தெரியும்? அவங்க பாஷையில வெலையும் சைஸும்தான் தெரியும்." பாவ்ஷான் தலையைச் சொறிந்தான். "நாப்பத்தொண்ணுன்னு மட்டும் ரெண்டு வாட்டி சொன்னா."

"நாப்பத்தொண்ணா? வயசா? வருசமா?"

"வீட்டு நம்பரா இருக்கும். யாரு கண்டா?"

"அத அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

அவன் சொல்லிக் காட்டினான். "சோரக் அதீன்."

ஷூட்சின் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு மடங்கவில்லை. மறுபடி சொன்னாள். ஆற்றுக்கு அப்பால் ஹெய்ஹேயின் கட்டடங்கள் வெயிலில் மின்னின. அவற்றில் தன் வீடு எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.