பேட்டரி தீர்வதற்குள்

பர்மா பஜார் கடைக்காரர் இரண்டு வீடியோ காமிராக்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமானது, புதுசு. அதில் போடுகிற கேசட்டு சின்னது. வீட்டில் படம் பார்க்க வேண்டுமானால் ஒயர் மாட்டி என்னென்னவோ செய்ய வேண்டும். இன்னொன்று தோளில் தூக்கி வைக்கிற சைஸ், யாரோ சிங்கப்பூர்க்காரர் வைத்திருந்து விற்றது. இதில் பெரிய கேசட்டே போகும். எடுத்து நேரே டெக்கில் செருகினால் படம் ஓடும். விலையும் பாதிதான். ராஜாங்கத்தின் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று கடைக்காரருக்குத் தெரியாதா?

“பேட்டரி மட்டும் கொஞ்சம் பழசு சார். முக்கா மணி நேரம் வரும். இன்னொண்ணு சேத்து வாங்கிக்கங்க,” என்றார்.

ராஜாங்கம் வாங்கவில்லை. ஒரு காதுகுத்துக்கு முக்கால் மணி நேரம் போதாதா? சங்கராபுரத்துப் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கிற ஆள் அவன். ஊரிலேயே முதல் காமிரா தன்னுடையதுதான் என்ற நினைப்பில் பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை வரைக்கும் கண் மூடவில்லை. மகள் இசைவாணிக்கு மூன்று வயது. புரட்டாசி முதல் சனிக்கிழமை பெருமாள் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். அதைப் படம் பிடித்து வைத்தால் அவள் கல்யாணத்தன்று போட்டுக் காட்டலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

காமிராவில் முக்கியமான பொத்தான் ஒன்றுதான். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், மறு தடவை அமுக்கினால் நிற்கும். கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய்க்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் என்ன அர்த்தம் என்று கடைக்காரர் சொன்னாரோ என்னவோ, ராஜாங்கம் காதில் வாங்கவில்லை. சிவப்பு என்றால் நில். ரயில்வே கேட்டில் நிற்கிற லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான். ஆக, விளக்கு எரிந்தால் காமிரா நிற்கிறது, அணைந்தால் ஓடுகிறது. வீட்டில் டெக் இல்லை, எடுத்ததைப் போட்டுப் பார்க்க வழியில்லை. எல்லாம் தெரிந்த ஆளுக்குச் சந்தேகம்தான் எப்படி வரும்?

அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து புளிய மரங்கள் வெட்டுப்பட்டு ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. ஒரு பஸ்கூட ஓடவில்லை. பெருமாளுக்கு நேர்ந்ததைத் தள்ளிப்போட முடியாது என்பதால், நடந்து வரக்கூடிய உள்ளூர்ச் சொந்தங்கள் மட்டும் சனிக்கிழமை காலை ஏரிக்கரைக் கோயிலில் கூடினார்கள். வராத முக்கியமான ஆள் ஒருவன்தான். ராஜாங்கத்தின் பெண்சாதி பெரியநாயகியின் கூடப்பிறந்த தம்பி பூமாலை.

பூமாலை கச்சிராயபாளையத்துக்கும் அப்பால், கல்வராயன் மலையடிவாரத்தில் கூலி வேலை செய்து பிழைக்கிறவன். ஊர்க்கூட்டத்தில் அவனுக்கு நாற்காலி கிடையாது, பேங்க்கில் கணக்குக் கிடையாது. ஆனால் இசைவாணி காது குத்த உட்கார வேண்டியது அவன் மடியில்தான். தாய்மாமன் என்ற அந்த ஒரு மரியாதையை எந்தப் பணக்காரனும் அவனிடமிருந்து வாங்க முடியாது. மூன்று வருஷமாக அந்தக் காலைக்காகக் காத்திருந்தவன் அவன்.

மொட்டை போட்டாயிற்று. காது குத்த வந்த பத்தர் தோட்டுக் கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜாங்கம் அதுவரைக்கும் மொட்டையைப் படம் பிடித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினான். சிவப்பு எரிந்தது. நிம்மதியாகக் காமிராவை இடுப்போரம் தொங்கவிட்டுக்கொண்டான்.

“இன்னும் கொஞ்சம் இருங்க. எந்தம்பி எப்படியும் வந்துடுவான்,” என்றாள் பெரியநாயகி.

“எப்படி வருவான்? வழியெல்லாம் மரம் கெடக்குது.”

“நடந்தாவது வருவாங்க. அவனை எனக்குத் தெரியாதா?”

“அவன் வர்ற வரைக்கும் பேட்டரி நிக்குமா? தோ, உம் பெரியப்பா மவன் பொன்னுரங்கம் இருக்கான். அவனும் தாய்மாமன் மொறதானே? பட்டுச் சட்டை போட்டுகினு ஜம்முனு ஒக்காந்துகினு கீறான். உந்தம்பி வந்து இன்னா கிழிக்கப் போறான்? ஒரு பித்தளைத் தோட்டைக் காயிதத்துல மடிச்சி எடுத்துகினு வருவான். காலத்துக்கும் பாக்கப் போற கேசட்டுல அந்த மூஞ்சிதான் வேணுமா?”

ரைஸ் மில் பொன்னுரங்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையை அவன் மடியில் வைத்தார்கள். ராஜாங்கம் பொத்தானை அமுக்கினான், சிவப்பு அணைந்தது. பிள்ளை வீரிட்டதையும் பத்தர் கம்பியை முறுக்கியதையும் வளைத்து வளைத்துப் பிடித்தான். முடிந்ததும் மறுபடி அமுக்கி, சிவப்பு எரிவதைப் பார்த்துவிட்டு, காமிராவை மண்டபத்து மேடையில் வைத்தான்.

இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலையில் கூடையோடு பூமாலை வந்து நின்றான். ராத்திரியே கிளம்பி, மரங்களைத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறான். செருப்பு எங்கோ அறுந்துவிட்டது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கூடையில் வாழைப்பழச் சீப்பு, பாவாடை சட்டை, மாலை, ஒரு சின்ன நகைப் பெட்டி. பெட்டிக்குள் தங்கத் தோடு. வளர்த்த ஆடுகளை விற்று வாங்கியது என்று பின்னால் தெரிந்தது.

ராஜாங்கத்துக்குப் பகீரென்றது. வாயில் வந்த பொய்யைச் சொன்னான். “நேரம் தப்பிப்பூடும்னு ஐயரு சொல்லிட்டாருப்பா. நாங்க இன்னா பண்றது?”

“அதுக்கு இன்னா மாமா. சாமி காரியமாச்சே,” என்றான் பூமாலை. சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கி, மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்தான்.

பஸ் ஓடாததால் அவன் ஐந்தாறு நாள் தங்கும்படி ஆயிற்று. கால் வீக்கம் வடிந்ததும், யாரும் சொல்லாமலே கரும்புத் தோட்டத்தில் இறங்கிக் காய்ந்த சோகை உரித்தான். ராஜாங்கத்தோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ராஜாங்கம் இரண்டு தடவை தோட்டத்துக்குப் போனான். கரும்பு நல்லா வந்திருக்கு என்று பேசிவிட்டுத் திரும்பினான். பொய் என்று அவனுக்குத் தெரிந்தால் இந்த வாசலை மிதிப்பானா? பெரியநாயகிக்கு அப்புறம் பிறந்த வீடு என்று ஒன்று இருக்குமா? நினைத்தாலே பயமாக இருந்தது.

மறியல் முடிந்தது. பஸ் விட்ட அன்றும் பூமாலை கிளம்பவில்லை. “கேசட்டைப் பாத்துட்டுப் போயிடறேன் மாமா. பாப்பாவுக்குக் காது குத்துனதை நேர்லதான் பாக்கல, டிவிலயாவது பாக்கறேன்,” என்றான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வாடகைக்கு டிவியும் டெக்கும் வந்தன. சாயங்காலம் தெருவே கூடத்தில் உட்கார்ந்தது. பூமாலை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் இருந்தான்.

படம் ஓடியது. முதலில் தரை வந்தது. பிறகு ராஜாங்கத்தின் வேட்டிக் கரை. பிறகு அவனுடைய கால் கட்டைவிரல், வெகுநேரம். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. மொட்டை போட்டது வரவே இல்லை. ராஜாங்கத்துக்கு அப்போதுதான் சிவப்பு விளக்கின் அர்த்தம் உறைத்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் உறைத்தது. எழுந்து டெக்கை நிறுத்துவதற்குள் அவனுடைய குரலே பெட்டியிலிருந்து கணீரென்று வந்தது.

“ஒரு பித்தளைத் தோட்டைக் காயிதத்துல மடிச்சி எடுத்துகினு வருவான். காலத்துக்கும் பாக்கப் போற கேசட்டுல அந்த மூஞ்சிதான் வேணுமா?”

சிரிப்பு நின்றுபோயிற்று. ராஜாங்கம் தாவிப் போய் டெக்கின்மேல் கையை வைத்தான்.

“கைய எடுங்க. ஓடட்டும்,” என்றாள் பெரியநாயகி. அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. கையை எடுத்துவிட்டான்.

படம் ஒரு வெட்டு வெட்டிக் கோயில் வாசலுக்குத் தாவியது. மேடையில் வைத்த காமிரா பார்த்துக்கொண்டிருந்த இடம். பூக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூடையோடு பூமாலை தெரிந்தான். காதுகுத்து எங்கே என்று அவளிடம் கேட்டான்.

“இப்பதாம்பா முடிஞ்சிது. காமிராவுல கரண்டு தீந்துபூடுமாம். மாமன்காரன் வர்றதுக்குள்ள வேற ஆளை ஒக்கார வச்சிக் குத்திட்டாங்க.”

பூமாலை கூடையை இறக்கி வைத்தான். அப்புறம் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. பூக்காரி ஏதோ சொன்னாள், அவன் கையை ஆட்டினான். முகத்தை அழுத்தித் துடைத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சிரித்த முகமாக உள்ளே நடந்து வந்தான். ஐயர் சொன்னதாக ராஜாங்கம் சொல்வது கேட்டது. அதுக்கு இன்னா மாமா என்று பூமாலை சொல்வதும் கேட்டது. அதோடு பேட்டரி தீர்ந்து படம் புள்ளி புள்ளியாய்ப் பொரிந்தது.

ஆக, அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாமா மாமா என்று கூப்பிட்டான், சோகை உரித்தான், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். தான் ஒரு மனிதனே இல்லை என்று தோன்றியது ராஜாங்கத்துக்கு. அவன் இருந்த பக்கம் திரும்பவே முடியவில்லை.

பூமாலைதான் முதலில் பேசினான். குரலில் கோபம் துளியும் இல்லை.

“அவ்ளோதானா மாமா? பாப்பாவுக்குக் காது குத்துனது வரவே இல்லியே. அதைப் பாக்கணும்னுதானே இத்தினி நாளு இருந்தேன்.”

“அதை நான் எடுக்கவே இல்ல பூமாலை,” என்றான் ராஜாங்கம். மன்னிப்புக் கேட்டுக் கும்பிடத் தூக்கிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.