பதினேழாம் எண் முழங்கால்

எங்கள் நாயின் பெயர் மாப்பிள்ளை. தின்பதும் தூங்குவதும் தவிர வேறு வேலை தெரியாது என்பதால் என் மாமனார் வைத்த பெயர். வைக்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டே வைத்தார்.

மாப்பிள்ளை ஒரு மாதமாகப் பின்னங்காலை நொண்டியது. நான் கால்நடை மருத்துவமனையில் படம் எடுக்கும் டெக்னீஷியன். அந்தப் படங்களைப் படிக்கும் டாக்டர் என் மனைவி. நாய்களின் மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்ரே சரியாகக் காட்டுகிறதா, சி.டி. ஸ்கேன் சரியாகக் காட்டுகிறதா என்று அவள் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தாள். எந்த நாய் என்று தெரியாமல் அவள் படிக்க வேண்டும். பெயரை எடுத்துவிட்டு எண் போடுவது என் வேலை.

"நம்ம நாயைச் சேர்க்கவே கூடாது. வேற டாக்டர்கிட்ட காட்டலாம். நம்மளதுன்னா எனக்குக் கண்ணு ஒழுங்கா தெரியாது" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

எனக்கோ அவள் கண்ணைவிட்டால் வேறு கண்ணில் நம்பிக்கை இல்லை. அவள் விடுப்பில் இருந்த அன்று மாப்பிள்ளையை அழைத்துவந்து, மயக்க மருந்து டாக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இரண்டு படங்களையும் எடுத்துப் பதினேழு என்று எண் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேக்களைப் படித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைத் தட்டச்சு செய்தேன். பதினேழு வந்தது. திரையை நெருங்கிப் பார்த்தாள். சுழல்நாற்காலி ஆடாமல் நின்றுவிட்டது.

"எலும்போரம் கரைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் மெதுவாக. "தேய்மானமாவும் இருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம்."

"கட்டின்னா, டாக்டர்?"

"காலை எடுக்கணும். அதுவும் பரவாம இருந்தா." பிறகு என் பக்கம் திரும்பி, "டெக்னீஷியன் சார், ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள்.

"ஏ.சி. சரியில்ல, டாக்டர்."

அந்த அறை ஏ.சி. குளிரில் பேனா பிடிக்க விரல் வராது. அவள் அடுத்த எண்ணைத் திறந்தாள்.

சி.டி.யைத் திங்கட்கிழமைதான் படிப்பாள். எக்ஸ்ரே நினைவில் நிற்கக்கூடாதாம். நானே திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். படம் எடுக்கத் தெரியுமே தவிர எனக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கட்டியாகவே தெரிந்தது. மூடிவிட்டேன்.

வீட்டில் மாப்பிள்ளை மூன்று காலால் வாசல்வரை வந்து வாலாட்டியது. அடுத்த மாதம் மூன்று கால்தானோ? அவள் குளிக்கப் போனதும் நான் அதற்கு ஒரு முட்டை கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். எதிலும் மனம் ஓடவில்லை. அவளும் இரண்டு நாளாகச் சிடுசிடுவென்று இருந்தாள். கேட்டால், "தலைவலி" என்றாள்.

திங்கட்கிழமை. பதினேழு. சி.டி.யின் குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து நகர்த்தினாள்.

"கரையலை." மூச்சை விட்டாள். "எலும்பு முள்ளு முள்ளா வளர்ந்திருக்கு. அதோட நிழல் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்ததால, நடுவுல விட்ட இடம் எக்ஸ்ரேல ஓட்டை மாதிரி காட்டியிருக்கு. கட்டி இல்ல. வெறும் தேய்மானம்."

நான் 'தேய்மானம்' என்று தட்டச்சு செய்தேன். திரையில் 'தேய்மாமானம்' என்று விழுந்தது.

"ஏங்க."

மருத்துவமனையில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பதினேழின் எக்ஸ்ரேயைத் திறந்து ஒரு மூலையைப் பெரிதாக்கினாள். எப்போதோ கதவில் நசுங்கிக் கோணலாகச் சேர்ந்த ஒரு சுண்டுவிரல் எலும்பு. என்னுடையது. மயக்க மருந்துக்கு முன்பு எடுத்த படம் அது; மாப்பிள்ளையைக் கட்டிப்போட மனம் வராமல் கையுறையையும் கழற்றிவிட்டு நானே காலைப் பிடித்திருந்தேன். கதிர்வீச்சு படும் என்பதால் எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம். படத்திலிருந்து விரலை வெட்டி நீக்கிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்போ... வெள்ளிக்கிழமையே தெரியுமா?"

"தெரிஞ்சதுமே சொல்லி நிறுத்தியிருக்கணும். சி.டி.யைப் பார்க்க விடாம வேற ஆள்கிட்ட கொடுத்துடுவீங்களோன்னு பயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினேழை ஆய்விலேர்ந்து எடுத்துடுங்க. ரெண்டு பேரும் திருடங்க."

"சரி, டாக்டர்."

"மாப்பிள்ளைக்கு இனிமே எடையைக் குறைக்கணும். ரெண்டு நாளா நான் வேற முட்டையா கொடுத்துத் தொலைச்சிருக்கேன்."

நான் அவசரமாக 'தேய்மாமானம்' என்பதைத் திருத்தத் தொடங்கினேன்.

"நீங்களுமா?" என்றாள். பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்து, திரையையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள். "இதுலயும் முள்ளு வளர்ந்திருக்கு. வலிக்குதா?"