அழித்துப் போட்ட விடைகள்

பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சலூன் வேலை முடிந்து வந்த அம்மா, தன் இரட்டைப் பெண்களின் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். எப்போதும் முந்துகிற பெரியவளின் தாளில் பாதிக்கு மேல் தப்பு. உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு தப்புக்கு அடியிலும் சரியான விடையை ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது.

"என்னடி இது? வேணும்னே தப்பாப் போட்டியா?"

பெரியவள் நிமிரவில்லை. "அவளுக்குக் கணக்கு வரலம்மா. அவ இல்லாம நான் மட்டும் அந்த ஸ்கூலுக்குப் போகமாட்டேன்."

திட்ட வாயெடுத்த அம்மா அப்படியே நிறுத்தினாள். கதவருகே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பெயிலாவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று சின்னவள் கத்தினாள். "ஒழுங்கா எழுது. இல்லைன்னா உன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்."

தேர்வு முடியும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் பெரியவளுக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது. சின்னவள் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். தொடப்போன பெரியவளின் கையைத் தட்டிவிட்டாள்.

வெகுநேரம் கழித்து, சின்னவள் முகத்தைத் திருப்பாமலே நகர்ந்து படுத்தாள்.

"பக்கத்துல உக்காரு. ஆனா பேசாத."