முதுகுக் காற்று

எங்கள் ஊரில் உடம்பு சரியில்லை என்றாலும் மனசு சரியில்லை என்றாலும் ஒரே வைத்தியம்தான்: கடல் ஊருக்குள் வராமல் தடுக்கும் கடலணைமேல் ஏறிக் காற்றில் நடப்பது. அதற்கு ஒரு முறை உண்டு. போகும்போது காற்று முகத்தில் அடிக்க வேண்டும், திரும்பும்போது முதுகில். தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிட வேண்டும். நடக்கப் பழகும் பிள்ளைக்கே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

எனக்கு இரத்தப் புற்றுநோய். குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்து, மார்ச்சில் வீடு வந்தேன். படகுகளுக்கு வழிவிட மதகுப் பாலத்தை ஏற்றி இறக்கும் என் வேலையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். கலங்கரை விளக்கம்வரை நடந்து போய், நடந்தே திரும்பிவிட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போவேன் என்று என் கணவன் கிரைனிடம் சொல்லியிருந்தேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்பான். அந்தப் 'பாக்கலாம்' எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று காலை ரொட்டி வாங்கப் போனவன் வெகுநேரம் கழித்து சைக்கிளில் வந்தான், வேர்த்து விறுவிறுத்து.

"ரொட்டி வாங்கப் போனியா, மாவரைக்கப் போனியா?"

"நல்ல காத்து மினா. கெளம்பு, விளக்குக்குப் போவோம்."

விளக்கு வடக்கே. காற்று தெற்கிலிருந்து. "முறை தப்புதே?" என்றேன்.

"ஒரு நாள் தப்பட்டும்."

போக வேண்டும் என்ற ஆசையில் மேலே கேட்கவில்லை.

என்ன சுகம்! புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. ஆட்டுக்குட்டிகள் தாய்களுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். முடி முளைக்காத மண்டையில் காற்று சில்லென்று பட்டது. கால் தானாக நடந்தது. மூச்சு வாங்கவே இல்லை. பிழைத்துவிட்டேன் என்று சத்தம் போட்டுச் சிரித்தேன். கிரைனும் சிரித்தான்.

எதிரே பக்கத்து வீட்டு ஆர்யான் நாயோடு வந்தான்.

"அட, மினாவா! உன் சாவுக்குப் போடலாம்னு கறுப்பு கோட்டைத் தேய்ச்சுல்ல வெச்சிருக்கேன்!"

"பத்திரமா வெச்சிரு. உன்னப் பொதைக்கறப்ப உனக்கே போட்டு விடுறேன்."

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கிரைனைப் பார்த்து, "ஏண்டா, காத்த முதுகுல வாங்கிட்டா கெளம்புன? திரும்பறப்ப இவள யாரு தூக்கறது?" என்றான். கிரைன் குனிந்து நாயைத் தடவிக்கொண்டிருந்தான்.

விளக்கடிக்கு வந்துவிட்டோம். அங்கே எங்கள் கார் நின்றது.

பின் சீட்டில் என் தலையணை, போர்வை, வாந்தியெடுக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டைக் கிண்ணம். காலையிலேயே சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு காரை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வீடு வந்திருக்கிறான். ரொட்டியாம்.

"நான் திரும்பி நடக்க மாட்டேன்னு முடிவே பண்ணிட்டியா?"

அவன் கார்க் கதவைத் திறந்தான்.

"டாக்டர் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல. மாடிப்படியில நீ மூச்சு வாங்க நிக்கிற எடம் வாராவாரம் கீழ எறங்கிட்டே வருது மினா."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே விட்டுவிட்டுத் தெற்கே நடந்தேன். காற்று வாயில் புகுந்து அடைத்தது. கால் எழவில்லை. இவ்வளவு தூரமும் என்னை நடத்தி வந்தது காற்றுதான், நான் நடக்கவே இல்லை. புல்லில் உட்கார்ந்தேன். மதகுப் பாலத்து வேலை இனி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பயந்துபோய் அழுதேன்.

அவன் வந்து காற்றை மறைத்து நின்றுகொண்டான். எழுப்பவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அழுது ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தான்.

"நாளைக்கும் காத்து இருக்குமா?" என்று கேட்டேன்.

"இருக்கும்."

"காரை இங்க விட்டுட்டு சைக்கிள்ல வருவியா?"

"வருவேன்."

"எதிர்காத்துல?"

"எதிர்காத்துலதான்" என்றான், போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டு.