புகார் எதுவும் வரவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு நேரலையில் கிடைத்தது. மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகள், அதன்படி நடக்கிறோமா என்று ஒரு குழுவின் முன் பதில் சொல்லும் நிகழ்ச்சி. கொட்டாவிதான் வரும். ஒரு பெண் அதிகாரி மட்டும் பதில் சொல்லுமுன் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலி. அத்தோடு என் இணைப்பு அறுந்தது. மீதியெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'மனித மாண்பு என்பது யாதெனில்—' வேண்டாம், ஓடிவிடுவீர்கள்.

இரண்டாவது: அதிகாரி சாப்பாட்டு மேசையில் நாட்டின் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களை வேலையைவிட்டு நீக்குகிறார்களா என்பது குழுவின் கேள்வி. 'புகார் எதுவும் வரவில்லை' என்று தட்டினாள்.

எதிரே நீச்சல் டீச்சர் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு அவள் வாடகையைப் பகிரும் தோழி. (பூசி மெழுகுவானேன்? இருவரும் பல வருடமாக ஜோடி. அது தெரிந்துதான் போன வருடம் டீச்சரைப் பள்ளி நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது.)

"அப்போ நான் யாரு?"

"நீதான் புகார் குடுக்கலையே."

"குடுக்காதேன்னு கால்ல விழாத குறையா கெஞ்சினது யாரு? ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம், என் வேலையும் போயிடும்னு?"

"வரலைங்கறது உண்மைதானே?"

"உண்மைதான். ஏன் வரலைன்னும் சேர்த்து எழுதேன்."

3

அதிகாரியைக் கோழையாக்க மனம் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். டீச்சரைத் தியாகியாக்கிப் பார்த்தேன், அவள் மசியவில்லை. "மூச்சை அடக்கக் கத்துக்குடுக்கறதுதான் என் வேலை. அதுக்காக ஆயுசு பூரா அடக்கிட்டு இருக்கணுமா?" என்று சீறினாள். (இது நான் யோசித்து வைத்த வசனம் அல்ல.)

4

முடிவு ஒன்று: அதிகாரி தாளில் உள்ளதை வாசிக்கிறாள். குழுத் தலைவர் நன்றி சொல்கிறார். வீட்டில் டீச்சர் பெட்டியை எடுத்து— இந்த வரியை அடித்துவிட்டேன், சினிமாத்தனம்.

முடிவு இரண்டு: காரணத்தையும் சொல்லிவிடுகிறாள். அரங்கமே கைதட்டுகிறது. (அந்த அறையில் யாரும் கைதட்டுவதில்லை. மறுநாள் இவளுக்கு வேலை இருக்காது.)

இரண்டில் எதையும் எழுத எனக்குத் துணிவில்லை. காலி டம்ளரைக் கீழே வைத்தாயிற்று. மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. தாளை உங்களிடம் தருகிறேன். வாசிப்பதானால் சத்தமாக வாசியுங்கள். வீட்டில் டீச்சர் நேரலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.