உண்ணாவிரதப் பந்தலில் ஈசல்

சாகும்வரை உண்ணாவிரதம் என்று முடிவானதும், சாக யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது. சங்கத் தலைவர் வீரராகவன், தான் தயார்தான் என்றார். ஆனால் காலி வயிற்றோடு மைக்கில் பேசினால் குரல் கணீரென்று வராது, அது போராட்டத்துக்கே இழுக்கு என்றும் சொன்னார். அதனால் வேம்புலியை உட்கார வைத்தார்கள்.

சென்னை, பாடியில் ஒரு வார்ப்படக் கம்பெனியின் உலை முன்னால் பதினாறு வருஷம் நின்றவன் வேம்புலி. தொண்ணூற்றிரண்டில் நிர்வாகம் கேட்டைப் பூட்டி ஏழு மாதமாகியிருந்தது. அயனம்பாக்கத்தில் அவன் வீட்டில் சமையல் ஒருவேளையாகி, பிறகு கிடைத்தால்தான் என்றாகியிருந்தது. வீட்டில் சும்மா கிடந்த பட்டினிக்குப் பந்தலில் மாலை போட்டார்கள். அவனுக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் பசி போய்விட்டது. அது இருந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை. தலைமாட்டில் லாரிகள் போவது யாரோ ஒருத்தன் காதில் கேட்பதுபோல் கேட்டது.

ஆனால் பலன் இருந்தது. நாலாம் நாள் லேபர் ஆபீசர் ஜேம்ஸ், ஓர் உயிர் ஊசலாடுவதால் திங்கட்கிழமை பேச்சுவார்த்தைக்கு வரவும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பினார். ஏழு மாதத்தில் வந்த முதல் கடிதம் அது. முந்நூறு பேரின் வேலை வேம்புலியின் வயிற்றில் இருக்கிறது என்று வீரராகவன் மைக்கில் சொன்னார். நடுவில் டீயும் மசால்வடையும் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் ஈசல் கிளம்பியது. லாரி போகாத கேட்டோரம் புற்று ஒன்று இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அந்த ஏழு மாதத்தில் கம்பெனி வளாகத்தில் நடந்த ஒரே உற்பத்தி அதுதான். புற்றிலிருந்து புகைபோல எழும்பி, ஈசலெல்லாம் பந்தலின் டியூப்லைட்டைச் சூழ்ந்தது. வீரராகவன் பேச்சைப் பாதியில் நிறுத்தி வாயை மூடிக்கொண்டார்.

புருஷனைப் பார்க்க வந்திருந்த எல்லம்மா, கைகழுவ வைத்திருந்த தண்ணீர்ப் பேசினை நகர்த்தி விளக்குக்கு நேர்கீழே வைத்தாள். தண்ணீரில் தெரிந்த வெளிச்சத்தைத் தேடி ஈசல் கொத்துக் கொத்தாக விழுந்தது. அவள் அள்ளி அள்ளி முந்தானையில் கட்டினாள். அஞ்சு நாளாக மடியில் கிடந்த வேம்புலியின் கையும் எழுந்தது. ஒன்றைப் பிடித்தது, றெக்கையைக் கிள்ளியது, வாயில் போட்டது. பிறகு இன்னொன்று. அவனுக்கே அது தெரிந்ததா என்பது சந்தேகம்.

கம்பெனி மாடி ஜன்னலில் நோட்டும் பேனாவுமாக நின்ற பர்சனல் மேனேஜர் பார்த்தசாரதிக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் ஜேம்ஸ் ஸ்கூட்டரில் வந்தார். புரட்டாசிச் சனிக்கிழமை. நெற்றியில் திருமண் துலங்க வந்த பார்த்தசாரதி புகாரை நீட்டினார். 'உண்ணாவிரதி நேற்று மாலை 6.40 முதல் 6.55 வரை உணவு உட்கொண்டார். எனவே உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுவார்த்தைக்கும் அவசியமில்லை.' என்ன உணவு என்று ஜேம்ஸ் கேட்டார். அந்த நாளில் அந்த வார்த்தையைச் சொல்ல பார்த்தசாரதிக்கு நாக்கு வரவில்லை. பறக்கும் வகை அசைவம் என்றார். கோழியா என்று கேட்டதற்கு, அதைவிடச் சின்னது என்றார்.

ஒன்றுமே தின்னவில்லை என்று சொல்லும்படி வீரராகவன் வேம்புலியின் காதில் சொன்னார். கேட்டது மாதிரிதான் இருந்தது.

"துன்னியாப்பா?" என்றார் ஜேம்ஸ்.

"துன்னேன் சார்."

"எத்தினி?"

"எண்ல சார். கை பாட்டுக்குப் போச்சி. தலிவரு வாய்லகூட ரெண்டு பூந்துச்சி."

முந்நூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். வேம்புலி யாரையும் பார்க்கவில்லை. வீரராகவன் துண்டைச் சரிசெய்துகொண்டு ஜேம்ஸிடம் திரும்பினார். அண்ணனூரில் பிறந்து, சின்ன வயசில் படி படியாக ஈசல் தின்று வளர்ந்தவர் அவர்.

"ஈசல் இன்னா சார் சாப்பாடா? ரேஷன் கடையில போட்றாங்களா? கேண்டீன் லிஸ்டுல கீதா? சாரு பெரிய மனுசரு, அவரே சொல்லட்டும்."

எல்லாரும் பார்த்தசாரதியைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் கம்பெனி ஜெயிக்கும். ஆனால் நாமத்தோடு நின்று, புரட்டாசிச் சனிக்கிழமையில், ஈசல் உணவென்று வாயால் சொல்ல வேண்டும்.

"மனுஷா திங்கறதா அது," என்றது அவர் வாய்.

ஜேம்ஸ் எழுதினார்: 'ஈசல் உணவு அல்ல என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதால் விரதம் கலையவில்லை. திங்கட்கிழமை பேச்சுவார்த்தை நடைபெறும்.' இருவரும் கையெழுத்திட்டார்கள். வீரராகவனுடையது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

எல்லம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். முந்தின நாள் அள்ளிய ஈசலை ராத்திரியே அடுப்போரம் உலர்த்தி, முறத்தில் புடைத்து றெக்கையை ஊதி, வாணலியில் உப்புப் போட்டு வறுத்திருந்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்த வாரத்தில் வயிறு நிறையத் தின்றது அதைத்தான். மீதி அவள் கையில் ஒரு பால்பவுடர் டின்னில் இருந்தது. கோபப்படுவதற்கு உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும். அவள் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். வறுத்த வாசனை பந்தலைச் சுற்றி வந்தது.

"இன்னா எல்லம்மா இது," என்றார் வீரராகவன் தணிந்த குரலில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "சாப்பாடு இல்லன்னு எழ்தி கையெழுத்து போட்டுட்டாங்கோ. துன்னு," என்றாள் வேம்புலியிடம்.

பார்த்தசாரதி, பொரி ஏதாவது கலந்திருந்தால் அது உணவாயிற்றே என்று எட்டிப் பார்த்தார். இல்லை. வழக்கமாகக் கலப்பதுதான், பொரி வாங்க வழியில்லாததால் டின் சட்டப்படி சுத்தமாக இருந்தது.

வேம்புலி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டான். உப்பு இருப்பது தெரியவில்லை. மொறுமொறுவென்ற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் தூரத்தில். இன்னொரு பிடி எடுத்தான். ஜேம்ஸ் பேனாவை மூடினார். யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் அது சாப்பாடாகிவிடும்.

"பாதி டின்னு கீது. திங்கக்கெழம வரிக்கும் வரும்," என்றாள் எல்லம்மா.

வீரராகவன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆறாவது நாளாக ஒரு பருக்கையும் உண்ணாமல் நம் தோழர், என்று தொடங்கினார். வேம்புலி மென்றுகொண்டிருந்தான்.