ஸ்பீக்கர்ல போடு

சவுதியில் தம்மாமிலிருந்து முஃபீத் அழைத்தால் அந்த வீட்டில் போன் ஒரு சுற்று வரும். முதலில் அவன் உம்மா சைதூன் பீவி, பிறகு தங்கச்சி, அவள் பிள்ளைகள், வந்திருக்கும் விருந்தாளி என்று எல்லார் கையும் பட்டுக் கடைசியில் பெண்டாட்டி சனோபரிடம் வரும்போது, "சரி, டூட்டிக்கு நேரமாச்சு, வைக்கேன்" என்பான். அதுவும் ஸ்பீக்கரில். புருஷன் பெண்டாட்டி பேச்சில் ஊருக்கு என்ன வேலை என்று சனோபர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் வரைந்தாள்.

நான்கு கட்டம், ஒரு போன், மூக்கு நீண்ட ஒரு மாமியார். தன் பேரைச் சொல்லாமல் இன்ஸ்டாகிராமில் போட்டாள். தென்காசியிலும் கடையநல்லூரிலும் புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், இது எங்கள் வீடுதான் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். புத்தகமாகப் போடச் சொல்லித் தூண்டிவிட்டதும் அவர்கள்தான். எந்தப் பதிப்பகத்தின் வாசலிலும் போய் நிற்க சனோபருக்கு மனமில்லை. தையல் காசில் தானே போடுவது என்று முடிவு செய்தாள்.

அச்சகம் நடத்தும் ஜெயசித்ரா படங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"புஸ்தகம் பதினாறு பதினாறு பக்கமாத்தான் மடியும், பிள்ள. ஒனக்கு எட்டு குறையுது. வெள்ளையா விட்டுருவமா?"

"வெள்ளையா விடவா இத்தனை நாள் வரைஞ்சேன்? தாரேங்க்கா."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, கை ஓடவில்லை. வீட்டில் இருந்த கூத்தையெல்லாம் ஏற்கெனவே வரைந்து தீர்த்தாயிற்று.

சாரல் தொடங்கியதும் தெருப் பெண்கள் வேன் பிடித்துக் குற்றாலம் போனார்கள். அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நாம் பேசுவது நம் காதுக்கே கேட்காத இரைச்சல். பக்கத்து வீட்டு சாஜிதா தண்ணீருக்குள் நின்று வாயை அகலத் திறந்து என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கத்தாரில் இருக்கிறான்.

தலை துவட்டும்போது சனோபர் கேட்டாள். "என்னட்டி கத்துன?"

"அவருட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். மாமி பக்கத்துலதான் நின்னாவ. ஒண்ணும் கேக்கலல்லா."

அன்றைக்கு ஈரத் தலையோடு வரைய உட்கார்ந்தவள்தான். அருவியின் கீழே வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருத்தி வாயிலிருந்தும் அவரவர் புருஷனுக்கான சேதி. எட்டுப் பக்கமும் நிறைந்துவிட்டது.

ஜெயசித்ரா செய்த ஒரே தப்பு, சனோபரின் பேர் போட்ட அட்டையையும் உள்பக்கங்களையும் வீட்டுக்குப் பொதுவான நம்பருக்கு அனுப்பியதுதான். சனோபர் பார்க்கும் முன்னால் வீடே பார்த்துவிட்டது. மாலையில் முஃபீதின் அண்ணன் முகம்மது மீரான் கடையை அடைத்துவிட்டு வந்தார்.

"அருவிப் படம் நல்லாத்தான் இருக்கு. அதை மட்டும் வச்சுக்கோ. உம்மாவை இழுத்து வச்சிருக்கதையெல்லாம் எடுத்திரு. தெருவுல தலைகாட்ட வேண்டாமா?"

"அதை எடுத்தா புஸ்தகமே இல்ல, மச்சான்."

"அப்ப அவன்ட்டயே கேட்டுருவோம்."

போன் ஸ்பீக்கரில் சுற்றத் தொடங்கியது. சைதூன் பீவி மூக்கைத் தடவிக்கொண்டே அழுதாள். நாத்தனார் ஒரு பாட்டம் பொரிந்தாள். மீரான் குடும்ப மானத்தைப் பற்றி விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு முஃபீத் சொன்னான்.

"சனோபர்ட்ட குடுங்க. ஏட்டி, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு உள்ள போ. உன்ட்ட தனியாப் பேசணும்."

தனியாக. கல்யாணமான ஏழு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஏங்கியிருக்கிறாள். போனை எடுத்துக்கொண்டு அறைப் பக்கம் இரண்டடி வைத்தாள். கொஞ்சுவதற்கு ஒரு நாளும் தனியாகக் கூப்பிடாதவன் அடக்குவதற்குக் கூப்பிடுகிறான் என்பது உறைத்ததும், வந்த அழுகை கோபமாகிவிட்டது. போனைக் கூடத்து ஸ்டூலில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"ஸ்பீக்கர்லயே இருக்கட்டும். நான் சொல்லுததையும் எல்லாரும் கேக்கணும். ஒரு படமும் எடுக்க மாட்டேன். நாளைக்கு அச்சுக்குப் போவுது. என் பேருலதான் போவுது. உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா இங்கனயே சொல்லுங்க."

போனை வாங்க யாரும் கை நீட்டவில்லை. ஏழு வருஷத்தில் அவள் புருஷனிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.